வாயை மூடியிருந்த மாதங்களில் கிடைத்த பாட்டு

போட்டியில் ஜெயித்தவள் அழுதால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அழுதேன். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு அருகே என் படம் போட்ட பேனர் கட்டினார்கள். அந்தப் பேனர் வெயிலில் வெளுத்து, மழையில் கிழிந்து, பாதி முகம் மட்டும் கம்பத்தில் தொங்கிய காலம் வரைக்கும் நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். காரணம், எனக்கென்று உண்டாக்கிய முதல் பாட்டை என்னால் பாட முடியவில்லை. அதைப் பாடி முடிக்கிற வரைக்கும் வேறு எதையும், எங்கேயும், சபையிலும்கூட, பாடக் கூடாது என்று என் வாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

கர்த்தருக்குள் எனக்கு உறவானவர்களே, இதை எழுதச் சொன்னது எங்கள் பாஸ்டரம்மா. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். எழுதிப் பழக்கம் இல்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் ரெபேக்கா. திருப்புட்குழிக்குப் போகும் பாதையில் உள்ள காலனிதான் எங்கள் ஊர். ஊர் என்று சொன்னாலும் நான் அங்கே தொடர்ந்து இருந்ததில்லை. எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பள்ளியை விட்டதும் பட்டு முறுக்குகிற ஆலையில் வேலை. பிறகு சாயப்பட்டறை. பிறகு கம்பெனி வண்டி ஏறி ஸ்ரீபெரும்புதூர். ஓசூரில் ரோஜாத் தோட்டம், திருப்பூரில் பனியன் மடிப்பது, திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில் சமையல். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்தது. அவர் வேலைக்கென்று சூரத்துக்குப் போனார், அங்கேயே இருந்துவிட்டார். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

கடைசியாக ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று வேனில் ஊர் ஊராகப் போவோம். அந்தப் பிழைப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஊருக்கு வருகிற நாட்களில் அக்கா சலோமி வீட்டில் தங்குவேன். அக்கா பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை பிரித்துக் காட்டுகிற வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு நடத்துவது நான்தான்.

எங்கள் சபையில் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடுகிறவர்கள் குறைவு. பெரியவர்கள் பலருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் முன்னே நிற்கிறவர் ஒரு வரி பாடுவார், சபை அதைத் திருப்பிப் பாடும். அடுத்த வரி, மறுபடியும் சபை. நான் பாட்டு கற்றுக்கொண்டது இப்படித்தான். எனக்கு வேறு குரு கிடையாது.

போட்டிக்கு என்னை அனுப்பியது ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறவர். நான் பாடியதைப் போனில் எடுத்து அனுப்பிவிட்டார். சேனலிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டைப் படம் எடுக்க வந்தவர்கள் முதலில் கேட்டது தறியைத்தான்.

"காஞ்சிபுரம்னா தறி வேணும்மா. தறியில உக்காந்து பாடுங்க."

"எனக்குத் தறி நெய்யத் தெரியாதே, சார்."

"நெய்ய வேணாம். சும்மா உக்காருங்க."

தெரிந்த நெசவாளர் ஒருவர் வீட்டுத் தறியில் உட்கார வைத்தார்கள். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தறிக்குக் கீழே உள்ள குழியில் துழாவினேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஏம்மா, காலை எடு! பாவு நூலு அறுந்துச்சுன்னா உங்க டிவிக்காரனா வந்து முடி போடுவான்?" அதைத் தவிர மற்றது எல்லாம் தொலைக்காட்சியில் வந்தது.

ஆண்டவர் கிருபையால் சுற்றுக்குச் சுற்று ஜெயித்தேன். அங்கே பாடியவை எல்லாம் சினிமாப் பாட்டுகள், பழைய தெம்மாங்குகள். யாரோ ஏற்கெனவே பாடி, நான் வேனிலும் டீக்கடையிலும் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டவை. கடைசிச் சுற்றில் என் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். அக்கா மேடைக்கு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில், இனிமேல் வேனில் தலை சாய்த்துத் தூங்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

பரிசில் முக்கியமானது ஒரு பாட்டு. எனக்காகவே எழுதி, எனக்காகவே மெட்டுப் போட்டு, என் பெயரில் வெளியிடுவதாகச் சொன்னார்கள். அந்தப் பாட்டு வெளிவரும் வரை நான் வேறெங்கும் பாடக் கூடாது என்று ஒப்பந்தம். எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், நானும் போட்டேன். கொஞ்ச நாள்தானே என்று நினைத்தேன். ஆர்கெஸ்ட்ரா வேன் நான் இல்லாமல் கிளம்பியது.

அடுத்த ஞாயிறு சபையில் பாடினேன். திங்கட்கிழமை, பாட்டை வெளியிடுகிற கம்பெனியின் மேடம் போன் செய்தார்.

"ரெபேக்கா, சர்ச்சுல பாடுனீங்களா?"

"ஆமா மேடம். ஆராதனையிலதான்."

"அது லைவ்ல போகுது. யாரோ வெட்டி எல்லா இடத்துலயும் போட்டிருக்காங்க. உங்க குரல் முதல்ல நம்ம பாட்டுலதான் வரணும். பாட்டு ரிலீஸ் ஆகற வரைக்கும் அங்கயும் வேணாம்மா, ப்ளீஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றோடு சபையிலும் என் வாய் மூடிக்கொண்டது. பாஸ்டரின் மகள் ரூபி, கல்லூரியில் படிக்கிறவள், எனக்குப் பதிலாகப் பாட்டு நடத்த நின்றாள்.

ரெக்கார்டிங் சென்னையில், வளசரவாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் நடந்தது. இசையமைப்பாளர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். பெயர் நவீன். மரியாதையான பிள்ளை. என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். மெட்டு எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஊரை விட்டுப் போனவனுக்காகக் காத்திருக்கிற ஒரு பெண்ணின் பாட்டு. முதல் வரி இப்படி: "நீ போன பாதையில புல்லு முளைச்சாச்சு."

அவர் பாடிக் காட்டினார். நான் பாடினேன்.

"அக்கா, என்னை மாதிரியே பாடுறீங்க. என் இழுப்பு, என் மூச்சு எல்லாம் அப்படியே வருது. இது உங்க பாட்டு. உங்களை மாதிரி பாடுங்க."

அவர் குரலை எடுத்துவிட்டு வெறும் இசையை மட்டும் என் காதில் விட்டார். நான் பாடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் சுருங்கியது.

"வரி முடிய மாட்டேங்குதுக்கா. 'புல்லு' வரைக்கும் கணீர்னு வர்றீங்க. 'முளைச்சாச்சு'ங்கறப்ப குரல் விழுந்துடுது. இன்னொரு தடவை."

இன்னொரு தடவை பாடினேன். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை. ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் என் குரல் தானாகக் கீழே இறங்கியது. அடுத்த வரிக்கும் நேரத்தில் வர முடியவில்லை. எனக்குப் பாடியது மாதிரிதான் இருந்தது. போட்டுக் காட்டினால் ஒவ்வொரு வரியும் வால் அறுந்து கிடந்தது. துண்டு துண்டாகப் பாட வைத்து ஒட்டிப் பார்த்தார். ஒட்டினால் உயிர் இல்லை. அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"போட்டியில அவ்ளோ நல்லா பாடுனீங்களேக்கா. இப்ப என்ன ஆச்சு?"

எனக்கு என்ன தெரியும்?

மூச்சு போதவில்லை என்று முடிவு செய்தார்கள். மேடம் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார் அவர். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. நான் நம்பவில்லை. சாயப்பட்டறையில் கொதிக்கிற தொட்டியின் முன் நின்று அந்த ஆவியைக் குடித்தவள் நான். என் அப்பா நெஞ்சுச் சளியில் இழுத்து இழுத்துத்தான் செத்தார். எனக்கும் அது ஆரம்பித்துவிட்டது, படத்தில் தெரிகிற அளவுக்கு இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான் என்று உறுதியாக நினைத்தேன். வீட்டில் படி ஏறினாலும் மூச்சை எண்ணினேன். இருமல் வந்தால் கையைப் பார்த்தேன்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அணையாமல் ஊதச் சொன்னார். ஊதினேன். மூச்சு நன்றாகவே நீண்டது. ஸ்டூடியோவுக்குப் போனால் பழையபடி வரியின் கடைசியில் குரல் விழுந்தது.

ஆடி மாதம் வந்தது. எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், தெருவுக்குத் தெரு ஆர்கெஸ்ட்ரா. பழைய கூட்டாளிகள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வர முடியாது என்றேன். "ஸ்டாராயிட்ட, எங்ககூடலாம் வருவியா?" என்றார் டிரம்ஸ் வாசிக்கிறவர். விளையாட்டாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

வெளியே பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. மேடையில் பாடியதெல்லாம் மெஷின் வைத்துச் சரிசெய்தது, ஏழைப் பெண் என்று பாவம் பார்த்துக் கொடுத்த பரிசு, நிஜமாகப் பாடத் தெரிந்தால் பாட்டு ஏன் இன்னும் வரவில்லை? இன்டர்நெட்டில் என் படத்துக்குக் கீழேயே எழுதினார்கள். அக்காவின் கடைக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள்கூடக் கேட்டார்கள். ஒரு நாள் அக்கா பொறுக்க முடியாமல், "குழந்தை வர்றதுக்கே பத்து மாசம் ஆகுது, பாட்டு வர்றதுக்கு நாள் ஆகாதா? நீங்க புடவையைப் பாருங்கம்மா" என்று சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கி வந்தாள்.

பிறகு மேடம் கூப்பிட்டார். குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னும் ஒரு தடவை ட்ரை பண்ணலாம் ரெபேக்கா. அதுலயும் வரலைன்னா, ரெண்டாவது பரிசு வாங்கின பொண்ணை வெச்சு இந்தப் பாட்டை முடிச்சுடலாம்னு பேசிக்கிறாங்க. உங்களுக்கு வேற பாட்டு பாத்துக்கலாம்."

வேறு பாட்டு என்று ஒன்று வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாடத் தெரியாதவள் என்ற பெயர் நிற்கும். என் பெயரில் ஒரு பாட்டு வெளிவராத வரைக்கும் அந்த ஒப்பந்தமும் நிற்கும். ஜெயித்ததால் பாட்டை இழந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று மதியம் வீட்டில் யாரும் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டை. "ஆண்டவரே, நான் வீடு கேட்டனா? போனவரைத் திருப்பிக் கொண்டாந்து விடும்னு கேட்டனா? என்கிட்ட இருந்தது ஒரு வாய். அதையும் பூட்டிட்டாங்க. நீரும் பார்த்துக்கினு இருக்கீரு. உமக்குத்தானே இத்தனை வருஷம் பாடினேன்? ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டை என் வாயில குடும்." அழுது தொண்டை கட்டிப் போனது. பதில் ஒன்றும் வரவில்லை. எனக்குத் தரிசனமும் கிடைக்கவில்லை, வசனமும் கிடைக்கவில்லை. குக்கர் விசில் போட்டது. எழுந்து அதை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் நான் சபைக்கே போகவில்லை. மற்றவர்கள் பாடும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பசியோடு பந்தியில் பரிமாறுவதைவிடக் கொடுமையாக இருந்தது. அக்கா ஒரு ஞாயிறு போர்வையை உருவினாள்.

"வாயைத்தான பூட்டினாங்க? காலையுமா பூட்டினாங்க? எழுந்து வா."

"நான் வந்து இன்னாக்கா பண்ணப் போறேன்?"

"உக்காரு. சும்மா உக்கார்ந்துட்டு வா. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

போனேன். முன்னால் போகக் கூச்சம். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் கன்னியம்மா அத்தையின் பாயில் உட்கார்ந்தேன். அத்தை சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் பக்கம் பூ விற்கிறவர். விடியலில் பூ விற்றுவிட்டு நேரே ஆராதனைக்கு வருவார். மேலெல்லாம் மல்லிகை வாசனை.

"இன்னாமா டிவி ஸ்டாரு, எங்ககூட வந்து உக்கார்ந்துக்கினே? பாய் குத்தப் போகுது" என்றார். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ரூபி பாட ஆரம்பித்தாள். சபை திருப்பிப் பாடியது. என் வாழ்நாளில் நான் அந்தப் பாட்டுகளைப் பாடாமல் கேட்டதே இல்லை. முன்னே நின்றால் நான் நடத்துவேன். சின்ன வயதில் பின்னே நின்றால் எல்லோருக்கும் மேலே கத்துவேன். வாயை மூடிக்கொண்டு, ஜனங்கள் நடுவே உட்கார்ந்து, காதால் மட்டும் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாவது பாட்டிலேயே எனக்கு ஏதோ உறுத்தியது. ரூபி வரியை முடிக்கவில்லை. கடைசிச் சொல் வருவதற்குள் அவள் மூச்சை உள்ளே இழுத்துவிடுகிறாள். ஆனால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. அந்தச் சொல்லைச் சபை எடுத்துக்கொள்கிறது. கன்னியம்மா அத்தை எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து பிடிக்கிறார். அத்தைக்குப் பின்னால் மற்றவர்கள். ரூபி விட்ட இடம் தெரியாமல் பாட்டு அப்படியே மேலே போகிறது.

ஆராதனை முடிந்ததும் ரூபியைப் பிடித்தேன்.

"ஏம்மா, கடைசி வார்த்தையைப் பாடாம விட்டுட்ற?"

அவள் பயந்துவிட்டாள். "விட்டனா? இல்லக்கா, பாடினேனே. நீங்க பாடுற மாதிரியேதான் பாடறேன். உங்களைப் பார்த்துத்தான கத்துக்கினேன்?"

நான் கேட்டேன்: "நான் விடுவனா?"

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அத்தை சிரித்தார். "நீ எங்கமா பாடுவே? அது எங்களுது. கடைசி வார்த்தையை நாங்க எடுத்துக்கினா நீ அடுத்த அடிக்கு மூச்சு வாங்கிக்குவே. உனக்கு முன்னாடி உங்க அம்மாவும் அப்படித்தான் நடத்தினா."

நான் அத்தை பாதி சுருட்டிய பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். போட்டியில் பாடியதெல்லாம் யாரோ முடித்து வைத்த பாட்டு. அவர்கள் முடித்த மாதிரியே நானும் முடித்தேன். இந்தப் பாட்டை எனக்கு முன்னால் யாரும் பாடியதில்லை. பின்பற்ற யாரும் இல்லாதபோது என் தொண்டை தனக்குத் தெரிந்த ஒரே வழிக்குப் போயிருக்கிறது. வரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சபை வாங்கிக்கொள்ளும் என்று நின்றிருக்கிறது. அந்தக் கண்ணாடி அறையில் வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? என் நெஞ்சில் நோய் இல்லை. அப்பாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை. அந்த இடத்திலேயே முழங்கால் போட்டேன். என் வாயை அவர்கள் பூட்டியிருக்காவிட்டால் நான் சாகும்வரை முன்னேயே நின்று பாடியிருப்பேன். இதைக் கேட்டிருக்கவே மாட்டேன். அடுப்படியில் நான் பதில் வரவில்லை என்று எழுந்து போனேன். பதில் அதற்கு முன்னமே, நான் திட்டிக்கொண்டிருந்த அந்த ஒப்பந்தத்தின் வழியாக வந்து உட்கார்ந்திருந்தது.

இத்தோடு கஷ்டம் தீர்ந்தது என்று எழுதினால் பொய்யாகும். காரணம் தெரிந்தது, பழக்கம் போகவில்லை. வீட்டில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பழகினேன். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் தொண்டை தானாக விட்டுவிடும். கடைசி முயற்சி என்று சொன்ன நாள் வந்துவிட்டது. அக்கா விடுப்புப் போட்டாள். கன்னியம்மா அத்தை பூக்கூடையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, "நானும் வரேன். எங்களுதை நீ எடுத்துக்கப் போற, நாங்க வந்து குடுக்க வேணாவா?" என்று பஸ் ஏறிவிட்டார்.

ஸ்டூடியோவில் ஏ.சி.யைப் பார்த்து அத்தை முந்தானையைப் போர்த்திக்கொண்டார். "இன்னாடி இது, மீனு வெக்கிற ஐஸ் பெட்டி மாதிரி இருக்குது."

நான் நவீனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பழைய ரெக்கார்டிங்கை மறுபடி போட்டுக் கேட்டார். "ஆமாக்கா. மூச்சு தீர்ந்து விழல. நீங்க குடுத்துட்டுப் போறீங்க" என்றார்.

முதலில் நான் மட்டும் பாடினேன். விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மேடம் மணி பார்த்தார். அப்போது அத்தைதான் சொன்னார். "நாங்க உள்ள வந்து உன் எதிர்ல உக்கார்றோம். வாயைத் தொறக்க மாட்டோம். நாங்க எடுக்க மாட்டோம்னு உன் கண்ணால பார்த்தீன்னா நீயே முடிப்பே."

நவீன் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார். இரண்டு பேரையும் எனக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அசையக் கூடாது, வளையலைக் கழற்றிவிட வேண்டும் என்றார்கள். நான் கண்ணை மூடி, "ஆண்டவரே, முடிக்கக் கற்றுக்கொடும்" என்று மட்டும் ஜெபித்தேன். இசை வந்தது.

"நீ போன பாதையில புல்லு..."

"முளைச்சாச்சூ!" என்று அத்தை எடுத்துவிட்டார். கணீரென்று.

நவீன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "ஆயா, நீங்க பாடக் கூடாது ஆயா."

"யாருக்குடா ஆயா? எனக்கு இன்னும் பேத்தியே பொறக்கல! வருஷக்கணக்கா எடுத்த வாய்டா இது, டக்குனு மூடுன்னா மூடுமா?"

மேடம்கூடச் சிரித்துவிட்டார். மாதக்கணக்கில் அந்த அறையில் யாரும் சிரித்ததில்லை. அத்தை முந்தானையை உருண்டையாக்கி வாயில் அடைத்துக்கொண்டு, போடு என்று கையைக் காட்டினார்.

மறுபடி பாடினேன். கடைசிச் சொல் வந்தது. அத்தையின் தொண்டை அசைவதைப் பார்த்தேன். கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அக்கா அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை எடுக்க அங்கே ஒருவரும் இல்லை. நான் எடுத்தேன். என் குரல் விழாமல் நின்றது. போய், திரும்பி, தானாக இறங்கி முடிந்தது.

அது எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. என் குரலின் அந்தப் பகுதியை நான் அதுவரை கேட்டதே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நவீன் கையைத் தூக்கினார், நிறுத்தாதே என்று. நிறுத்தாமல் பாடினேன். சில வரிகள் விழுந்தன, திரும்பப் பாடினேன். வெளியே வெயில் சாய்வதற்குள் பாட்டு முடிந்தது. அத்தை வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு முதலில் கேட்டது, "இப்ப பாடலாமா?" என்பதுதான். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே பாடிக்கொண்டு வந்தார். பூந்தமல்லியில் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "ஆத்தா, அடுத்த வரி தெரியாதா?" என்று கேட்டார்.

பாட்டு வெளிவந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது பெரிய வெற்றி இல்லை. சேனலில் அடுத்த போட்டிக்கு ஆள் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டவர்கள் நல்லா இருக்கு என்றார்கள். மெஷின் வைத்துப் பாடியது என்று எழுதியவர்கள் இதற்கும் அப்படியே எழுதினார்கள். இரண்டாவது பாட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை. அதற்காக இன்னமும் சில நாட்களில் எனக்கு மனம் கனக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

ஆனால் பாட்டு வந்த அன்றே என் வாய் திறந்தது. நான் கேட்டது அதைத்தான். அந்த ஞாயிறு சபையில் முன்னே நின்றேன். முதல் வரியைத் தொடங்கினேன். எத்தனை மாதம் கழித்து! நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சபை எனக்காகக் காத்திருந்தது. கர்த்தருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், நான் எப்படியோ பாடினேன். கடைசிச் சொல்லை எப்போதும்போல அவர்களுக்கே விட்டேன். இப்போது தெரிந்தே விடுகிறேன், அது அவர்களுடையது. தனியாக நிற்க வேண்டிய இடத்தில் நானே முடித்துக்கொள்கிறேன். இரண்டும் ஆண்டவர் கொடுத்ததுதான்.

ஆர்கெஸ்ட்ரா வேனில் மறுபடி ஏறிவிட்டேன். கால் இன்னமும் ஓரிடத்தில் தரிப்பதில்லை. ஆனால் ஊருக்கு வருகிற ஞாயிறுகளில் எல்லாப் பாட்டையும் நானே நடத்துவதில்லை. ரூபியை நடத்தச் சொல்லிவிட்டுப் பின்னே போய் உட்கார்ந்து கேட்கிறேன். ஜெபத்திலும் அப்படித்தான். முன்பெல்லாம் நானே பேசி, நானே ஆமென் சொல்லி எழுந்துவிடுவேன். இப்போது பேசி முடித்த பிறகும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது கதவு சாத்தியிருக்கலாம். வேலை நின்றிருக்கலாம், உடம்பு படுத்திருக்கலாம், கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் ஆண்டவரோடு சண்டை போட்டிருக்கலாம். சண்டை போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்.

காஞ்சிபுரம் பக்கம் வந்தால் ஒரு ஞாயிறு எங்கள் சபைக்கு வாருங்கள். முன்னே வந்து எதுவும் சொல்ல வேண்டாம். கடைசி வரிசையில் கன்னியம்மா அத்தை நகர்ந்து இடம் கொடுப்பார். பாட்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கடைசி வார்த்தையை மட்டும் எங்களோடு சேர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள்.